ஹாரன் இல்லாத லாரி

பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் வெள்ளைத் தொப்பி மாட்டிக்கொண்டு, பச்சைக் கிளைகள் கட்டிய திறந்த லாரியில் ஏறி, வகுப்புத் தோழர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ச் சாப்பிட்டுக் கூத்தடிக்க வேண்டும். விசிலும் ஹாரனும் இல்லாமல் டென்மார்க்கில் இது நடந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. லெம்விக் ஊரில் டில்டேயின் வகுப்பு மட்டும் அப்படிக் கிளம்ப இருந்தது. காரணம் டில்டேதான்.

பதிமூன்று வயதில் அலாரம் அடித்ததும் மயங்கி விழுந்தவள் அவள். இதயத்தின் மின்னோட்டத்தில் பிறவிக் கோளாறு, திடீர்ச் சத்தம் ஆகாது என்றார்கள் மருத்துவர்கள். அன்றிலிருந்து தினமும் மாத்திரை, மார்புத் தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவி. டில்டே இதையெல்லாம் பல் துலக்குவதுபோல எடுத்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் வளர்ந்தாள். பயந்து பயந்து செத்ததெல்லாம் அவள் அம்மா பிர்கிட்தான்.

அந்த அம்மா செய்த வேலை, பள்ளி வாசலில் லாரி வந்து நின்ற காலையில்தான் மகளுக்குத் தெரிந்தது. வகுப்பில் எல்லாருக்கும் போன் போட்டு, விசில் வேண்டாம், ஹாரன் வேண்டாம் என்று கெஞ்சியிருக்கிறாள். அவர்களும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த நல்லதனம்தான் டில்டேக்குப் பொறுக்கவில்லை. எல்லாருக்கும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை வருகிற நாள். அதைத் தனக்காக இழவு வீடாக்குவதா? நான் வரவில்லை, நீங்கள் போய் ஆசை தீரக் கத்துங்கள் என்று தொப்பியைக் கழற்றிவிட்டாள்.

"உன்னை விட்டுட்டுப் போறதுக்கு எதுக்குடி லாரி? ஏறு, லூசு," என்றான் மால்டே. சின்ன வகுப்பிலிருந்து அவளுடன் படிப்பவன்.

டில்டே ஏறவில்லை. லாரியையே முறைத்துக்கொண்டு நின்றவளுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. சமையலறை மிக்சி போடுகிற கூச்சலுக்கு அவள் ஒரு நாளும் திடுக்கிட்டதில்லை, பொத்தானை அமுக்குவது அவளே என்பதால். இதயப் பிரிவு நர்சைப் போனில் பிடித்துக் கேட்டாள். எதிர்பாராமல் வருவதுதான் உன் எதிரி, நீயே அடித்தால் தாராளமாக அடி என்ற நர்ஸ், மாத்திரை போட்டாயா என்பதை மட்டும் இரண்டு முறை கேட்டாள்.

லாரிக்காரர் பிரேபென் இலேசில் மசியவில்லை. "என் பொண்டாட்டியே இந்த ஹாரனத் தொட்டதில்ல," என்று முனகினார். பிறகு நகர்ந்து தன் பக்கத்தில் இடம் கொடுத்தார்.

அப்புறம் அவள் ராஜ்யம்தான். ஹாரன் கயிறு அவள் கையில். ஜன்னலுக்கு வெளியே அவள் கையை உயர்த்தினால்தான் பின்னால் விசில் ஊதலாம். மால்டே ஒரு முறை முந்திக்கொள்ளப் பார்த்தான், நாலு பேர் அவன் வாயைப் பொத்தினார்கள். ஊரே காது கிழிய அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். டில்டேக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

கடைசியாக அவள் வீடு. ரொட்டித் தட்டோடு வாசலில் நின்ற பிர்கிட், அமைதியாக வரும் லாரியைப் பார்த்துப் புன்னகைத்தாள். டில்டே கயிற்றை இழுத்தாள்.

தட்டு தரையில் விழுந்தது. பிர்கிட் ஓடிவந்து லாரிக் கதவைத் திறந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி நிதானமாக ஓடியது.

"நான்தாம்மா அடிச்சேன்," என்றாள் டில்டே.

பிர்கிட் மணிக்கட்டை விடவில்லை.

"இன்னொரு தடவ அடி," என்றாள். "கைய எடுக்க மாட்டேன். அடி."