ஐந்தாவது பாட்டுக்கு ஒரு 'நைன்'

டோர்ட்முண்டிலிருந்து ஹம்முக்குப் போகும் ரயிலில் மிதுசா அந்தப் பாட்டை மறுபடியும் கேட்டாள். ட்ரம்பெட் நுழையும் இடம் வந்ததும் ஹெட்ஃபோனைக் காதிலிருந்து கழற்றிவிட்டாள்.

எதிர் இருக்கையில் கஜரூபன் பாஸ் கிட்டாரை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வைத்திருந்தான்.

"திரும்பவும் அதுவோ?"

"ஓம் கஜன் அண்ணா. இண்டைக்கு நைன் சொல்லப்போறன்."

"நீயோ? ஏழு வருசமா பாண்டில இருக்கிறாய். பீட்சாவில அன்னாசி வேண்டாம் எண்டுகூட நீ இன்னும் வாய்திறந்து சொன்னதில்லை."

அது உண்மைதான்.

'ஓர்கெஸ்டா கோலே' தொடங்கி இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. கோலே என்றால் ஜெர்மனில் நிலக்கரி. ஜெர்மனிக்கு அகதியாக வந்த இளங்கீரன் சுரங்கத் தொழிலாளர்களின் வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் பழகினார். சிலி நாட்டிலிருந்து வந்திருந்த மரிசோல் பியானோ வாசித்தாள். இருவரும் சேர்ந்து லத்தீன் தாளத்தையும் ஃபங்க் பாஸையும் கலந்து வாசிக்கத் தொடங்கினார்கள். எந்த நிறுவனமும் அவர்களுக்குப் பின்னால் இல்லை, முதலாளியும் இல்லை. ஒரு விதி மட்டும் இருந்தது. ஆல்பத்தில் சேரும் ஒவ்வொரு பாட்டுக்கும் எட்டுப் பேரும் ஜெர்மனில் 'யா', அதாவது ஆம், என்று சொல்ல வேண்டும். ஒருவர் 'நைன்', அதாவது இல்லை, என்று மறுத்தாலும் பாட்டு வெளியே போகாது.

இன்று ஏழாவது ஆல்பத்தின் கடைசிக் கேட்பு. நாளை இசைத்தட்டு அச்சிடும் ஆலைக்குப் போகும்.

மிதுசா கொங்கா முரசும் தாளக்கட்டைகளும் வாசித்தாள். கட்டைகள் மூன்றும் இரண்டுமாக ஒலிக்கும். முதல் பாதியில் மூன்று அடி, மறு பாதியில் இரண்டு. பாட்டு முடியும்வரை அந்த வரிசை மாறக்கூடாது. மற்ற எல்லோரும் அதன்மேல்தான் நிற்கிறார்கள். ஐந்தாவது பாட்டைப் பதிவு செய்தபோது இளங்கீரன் அரைச் சுற்று முந்தி நுழைந்துவிட்டார். ஒரு நொடியில் மிதுசா கட்டைகளின் வரிசையைத் திருப்பி அவரோடு சேர்த்துவிட்டாள். மற்றவர்கள் அவளைத் தொடர்ந்தார்கள். அப்போது யாருக்கும் தெரியவில்லை.

"ஒருத்தருக்கும் விளங்காது, விடு" என்றான் கஜரூபன்.

"அதுதான் பிரச்சினை. அவ்வளவு வடிவா மூடிப்போட்டன். செருப்பை இடம்வலம் மாத்திப் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்கு."

"அவரின்ர ஆகத் திறமான சோலோ அது. எல்லாருக்கும் முன்னால அவர் பிழைவிட்டவர் எண்டு சொல்லுவியோ?"

"நான் பிழைவிட்டனான் எண்டு சொல்லுவன்."

"அது பொய்யெல்லோ?"

ரயில் காமன் நிலையத்தில் நின்றது. இரண்டு பேர் சைக்கிள்களோடு ஏறினார்கள்.

"பாதிப் பொய்" என்றாள்.

ஹம்மில் பயிற்சி அறை தண்டவாளத்தின் ஓரம், பழைய டயர் கடையின் பின்பக்கம். ஐந்தாவது பாட்டு ஓடியபோது இளங்கீரன் கண்களை மூடிக்கொண்டு தன் சோலோவைக் கேட்டார். அவருக்கு அது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று மிதுசாவுக்குத் தெரிந்தது.

பாட்டு முடிந்தது. "யா" என்றார் இளங்கீரன். "யா" என்றாள் மரிசோல். சுற்று நகர்ந்தது. கஜரூபன் மிதுசாவை ஒருமுறை பார்த்துவிட்டு "யா" என்றான்.

மிதுசாவின் முறை வந்தது. இருமினாள்.

"நைன்."

ட்ரம்ஸ் வாசிக்கும் யோர்க் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"ஏன்?" என்று இளங்கீரன் ஜெர்மனில் கேட்டார்.

ரயிலில் யோசித்த பாதிப் பொய்யை அவள் சொல்லவில்லை. எழுந்து கட்டைகளை எடுத்தாள். பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டு அதோடு சேர்ந்து அடித்தாள். மூன்று, இரண்டு. மூன்று, இரண்டு. ட்ரம்பெட் நுழைந்தது. ஒலிபெருக்கியில் கட்டைகள் திரும்பின. அவள் திரும்பவில்லை. இரண்டு அடிகளும், ஒரே கதவில் எதிரெதிரே வந்த இரண்டு பேரைப்போல முட்டிக்கொண்டன. முட்டட்டும் என்று அவள் அடித்துக்கொண்டே இருந்தாள்.

மரிசோல் பாட்டை நிறுத்தினாள். "ஆடும்போது அந்த இடத்தில் எனக்கு எப்போதும் கால் இடறும். முழங்கால்தான் பழுதாகிவிட்டது என்று நினைத்தேன்."

இளங்கீரன் மிதுசாவைப் பார்த்துத் தமிழில் கேட்டார். "நான் முந்தீட்டன், என்ன?"

"ஓம் அண்ணை."

"நீ ஏன் எனக்குப் பின்னால வந்தனீ?"

"சின்னனில மிருதங்கம் படிச்சனான். பாடுறவர் விலகினா போய்ச் சேரவேணும் எண்டுதான் படிப்பிச்சது. உங்களை விட்டுட்டு நிக்கக் கை வரேல்லை."

"இதில அப்பிடி இல்லைப் பிள்ளை. கட்டை எனக்காகவும் அசையக்கூடாது. நான் விழுந்தா விழட்டும்."

"அந்த சோலோ போயிடும், அண்ணை."

அவர் ட்ரம்பெட்டின் வாய்ப்பகுதியைத் துணியால் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"கடைசி நாளிலதான் உனக்கு வாய் திறந்ததோ? கஜன், மைக்கைப் போடு."

என்ன பேசினீர்கள் என்று யோர்க் கேட்டான்.

"அன்னாசி வேண்டாமாம்" என்றான் கஜரூபன் ஜெர்மனில்.

சரக்கு ரயில் ஒன்று போய் முடியும்வரை காத்திருந்தார்கள். பிறகு பாட்டை முதலிலிருந்து பதிவு செய்யத் தொடங்கினார்கள்.

இளங்கீரன் அதே இடத்தில் மறுபடியும் முந்தினார். மிதுசாவின் மணிக்கட்டுகள் அவர் பக்கம் இழுத்தன. அவரைப் பார்த்தால் போய்விடுவாள். ஹீட்டர் திருகில் இருந்த '3' என்ற எண்ணையே பார்த்துக்கொண்டு அடித்தாள். மூன்று, இரண்டு. ட்ரம்பெட் தடுமாறியது. உடைந்தது. நின்றது.

ஒரு முழுச் சுற்றுக்குக் கட்டைகளும் பாஸும் மட்டும் ஒலித்தன. மரிசோல் சத்தமாகச் சிரித்துவிட்டாள். பிறகு ட்ரம்பெட் வந்தது, வரவேண்டிய இடத்தில்.

பழைய சோலோ அளவுக்கு இது இல்லை. குறுகியது, கொஞ்சம் கரகரப்பு. ஆனால் திருப்பிக் கேட்டபோது யோர்க்கின் கால் கடைசிவரை நிற்காமல் தட்டியது.

"நான் விழுந்தது கேக்குதே" என்றார் இளங்கீரன்.

"கேக்குது" என்றாள் மிதுசா.

"மரிசோலின்ர சிரிப்பும் கேக்குது."

"ஓம். ரெண்டும் இருக்கட்டும்."

இளங்கீரன் எல்லோருக்குமாக ஜெர்மனில் சொன்னார். "இந்த முறை மிதுசாவிலிருந்து தொடங்குவோம்."

வெளியே அடுத்த சரக்கு ரயில் வந்துகொண்டிருந்தது. அது போகட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை.

"யா" என்றாள், எட்டுப் பேருக்கும் கேட்கும்படி.