சொந்தக்காரர்களுக்கு நாற்காலி

வாடகை நாற்காலித் தொழிலில் இருப்பவன் யார் வீட்டு விசேஷம் என்று கேட்கக் கூடாது. எத்தனை, எங்கே, எப்போது, அவ்வளவுதான். அன்று காலை மண்டபத்து மேனேஜர் போனில் பேசியபோதும் நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

"அண்ணே, சாதா நாற்காலி வழக்கம்போல அனுப்பிடுங்க. அதோட கை இல்லாத அகல நாற்காலி ஒண்ணு வேணுமாம், குண்டா ஒருத்தர் வர்றாராம். கால் மடக்க முடியாதவருக்கு உயரமா ஒண்ணு. அப்புறம் ஒரு அம்மாவுக்கு முதுகுல மெத்தை வச்சது. இல்லேன்னா அவங்களால உக்காரவே முடியாதாம்."

கேட்கக் கேட்கவே எனக்கு ஆட்கள் யாரென்று தெரிந்துவிட்டது. குண்டானவர் என் மனைவியின் சித்தப்பா, எனக்குச் சின்ன மாமா. கால் மடக்க முடியாதவர் அவருடைய அண்ணன். மெத்தை கேட்கும் அம்மா என் மாமியார். வருஷத்துக்கு ஒரு தடவை இந்தக் கூட்டம் என் வீட்டு மாடியில்தான் கூடும். யார் எதில் உட்கார்ந்தால் வலியில்லாமல் எழுந்திருப்பார் என்று பார்த்துப் பார்த்து நாற்காலி போட்டவன் நான். என் பக்கத்தில் சொந்தம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. கல்யாணத்தோடு வந்த சொந்தம்தான் எனக்கு எல்லாம். அதனால் கொஞ்சம் ஓவராகவே ஓடியாடுவேன். "இவன் மருமகனா, இல்ல நாம பெத்துத் தொலைச்ச மகனா?" என்று சின்ன மாமா கிண்டல் செய்வார். அந்தக் கிண்டலைக் கேட்கவே இன்னும் நாலு நாற்காலி தூக்குவேன்.

போன வருஷக் கடைசியில் என் மனைவி போய்விட்டாள். வெறும் காய்ச்சல் என்றுதான் படுத்தாள். அவள் இல்லாமல் என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவார்களா என்ற பயம் மாசக்கணக்காக என்னை அரித்தது. பொறுக்க முடியாமல் நானே மச்சானுக்குப் போன் செய்தேன். மச்சான் அவளுடைய தம்பி. என் தோளில் கை போடாமல் நடக்கத் தெரியாதவன்.

"இந்த வருஷம் வேணாம்னு விட்டுட்டோம் அத்தான். அக்கா இல்லாம யாருக்கும் மனசு வரல," என்றான். அதைக் கேட்டு அழுதேன். அவனுக்கு ஆறுதல் வேறு சொன்னேன், முட்டாள் மாதிரி.

மேனேஜர் போனை வைத்ததும் டிரைவரை இறக்கிவிட்டு வண்டியை நானே ஓட்டிக்கொண்டு போனேன். மண்டபத்தைப் பிடித்தால் நாற்காலி தானாக வந்துவிடும் என்று நினைத்திருப்பார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று உட்காருகிறவர்கள் என்றைக்குக் கேட்டார்கள்? என்னை ஒதுக்கியவர்களுக்கு என் கடை ஒன்று இருப்பதுகூட ஞாபகம் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

அகல நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். சிரிப்புச் சத்தம் குழாயை மூடினாற்போல் நின்றது. ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். சின்ன மாமா மட்டும் பழக்கதோஷத்தில் நாற்காலியை நோக்கி வந்து, உட்காரப் போய், பாதியில் நின்றார். அந்த வயிற்றெரிச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"உக்காருங்க மாமா. உங்களுக்குன்னுதானே கொண்டாந்தேன்."

மச்சான் ஓடி வந்து என் கையைப் பிடித்தான். "அத்தான், வெளிய வாங்க, பேசிக்கலாம்."

"இங்கயே பேசு. கூட்டமே இல்லன்னு சொன்னியே, அப்ப இவங்கல்லாம் யாரு? வாடகைக்கு எடுத்தியா?"

அவன் முகம் செத்துவிட்டது. "என்னைத் திட்டுங்க, அடிங்க. அம்மாகிட்ட மட்டும் போய்க் கேக்காதீங்க."

அம்மா என்றதும் எனக்குத் தெம்பு வந்தது. அத்தைக்கு இது தெரிந்திருக்காது. மகளைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவைத்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இருக்கீங்க, எனக்கு அது போதும்" என்றவர் அவர். அவரிடம் என்னைப் பற்றி என்ன கதை கட்டி வைத்திருக்கிறார்களோ என்று ஆத்திரமாக வந்தது. வண்டிக்குப் போய் மெத்தை நாற்காலியை எடுத்துவந்து அவர் பக்கத்தில் போட்டேன்.

"இவங்க பண்ணினதப் பாத்தீங்களா அத்தை? என்கிட்ட கூட்டமே இல்லன்னுட்டாங்க."

அவர் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்," என்றார். "அவன் மாட்டேன்னுதான் சொன்னான். நான்தான் விடல. நீங்க உள்ள வந்தா, பின்னாடியே அவளும் வருவான்னு கண்ணு வாசலுக்குப் போகுது. இப்பவும் போச்சு. என்னால முடியல."

என்னை அறியாமல் நானும் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். மண்டபத்து மேனேஜர்தான் நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு மட்டும் முடிகிறதா என்று கத்தத் தோன்றியது. மச்சான் துரோகம் செய்தால் நாலு வார்த்தை திட்டி ஆற்றிக்கொள்ளலாம். இவரை நான் என்ன சொல்லித் திட்டுவது? தன் வலி குறைய வேண்டும் என்று என்னைக் கழற்றிவிட்டிருக்கிறார். என் வலியை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். மெத்தை முதுகுக்குச் சரியாகப் பொருந்தியது. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை மாப்பிள்ளை என்று தவிர வேறெப்படியும் கூப்பிட்டதில்லை.

"வந்தது வந்துட்டீங்க, சாப்பிட்டுட்டுப் போங்க, தம்பி," என்றார்.

"இல்லீங்கம்மா," என்றேன். "நாற்காலி எடுக்கச் சாயங்காலம் ஆள் வரும்."