இரண்டாவது கோடு

தச்சரின் ரத்தம் மறுபடியும் என் மேசைக்கு வந்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. "அந்தாளு மாத்திரையே சாப்பிடறதில்ல. சும்மா நம்மள ஏமாத்தறான்" என்று டாக்டர் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தார். எச்.ஐ.வி.க்கு ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவர் இப்படி ஈர்க்குச்சியாக இளைக்க மாட்டார் என்பது அவர் கட்சி. தச்சரின் மனைவியும் அதையே நம்பினாள். லேப் வாசலில் நின்று, "மரத்த இழைக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு ஒரு மாத்திரைய முழுங்கத் தெரியல பாருங்க மேடம்" என்று என்னிடம் வயிறெரிவாள்.

கிருமியின் அளவைச் சொல்லும் சோதனையை இந்த முறைதான் செய்தோம். கிருமியே தென்படவில்லை. அப்படியென்றால் மனிதர் மாத்திரையை ஒழுங்காகத்தான் விழுங்கியிருக்கிறார். பிறகு எது அவரைத் தின்கிறது? எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சோதனை எச்.ஐ.வி.யின் முதல் வகையை மட்டுமே பார்க்கும். இரண்டாவது வகை ஒன்று இருக்கிறது, அரிதாகத்தான் வரும்.

இரண்டு வகையையும் காட்டும் சோதனைப் பட்டையில் ரத்தத்தை விட்டேன். முதல் வகைக்கான கோடு அழுத்தமாக எழுந்தது. பக்கத்தில் இரண்டாவது கோடு, மங்கலாக. அந்த மங்கலை முதல் கோட்டின் நிழல் என்று தள்ளிவிடுவது எங்கள் லேப் பழக்கம். பல நேரம் அது நிழல்தான். தொடக்கத்தில் இவரைச் சோதித்தவரும் அப்படித்தான் தள்ளியிருக்க வேண்டும். எனக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டாம் வகைக்கான தனிச் சோதனைக்கு அனுப்பினேன். இரண்டும் இருப்பதாகப் பதில் வந்தது. பாழாய்ப்போன அந்த மாத்திரை ஒன்றை அடக்கிவிட்டு மற்றதை மேயவிட்டிருக்கிறது.

டாக்டர் ரிப்போர்ட்டை வெகுநேரம் பார்த்தார். "மருந்த மாத்தறேன். உடம்பு தாங்குமான்னு தெரியல. அந்தம்மாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்று நழுவினார். ஏசும்போது எங்கே போயிருந்ததாம் இந்தப் பக்குவம்!

"உங்க வீட்டுக்காரர் மாத்திரைய விடவே இல்லம்மா. அவருக்கு ரெண்டு வகை இருந்திருக்கு. நாங்கதான் ஒண்ணக் கோட்ட விட்டுட்டோம்" என்றேன்.

"அப்போ அவரு சொன்னதெல்லாம் நெசமா?"

"நெசந்தாம்மா."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "பாவி நான், என்னென்ன பேசிட்டேன்" என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டு வார்டுக்கு ஓடினாள். எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை, பின்னாலேயே போனேன்.

கட்டிலில் அவர் கண்மூடிக் கிடந்தார். "என்னங்க" என்றாள். கண்ணைத் திறந்து அவளைப் பார்த்ததும், வாயைத் திறந்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புண். நாக்கை மெல்லத் தூக்கிக் காட்டினார். பிறகு ஒரு கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினார், அப்புறம் மறுகன்னத்தை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"முழுங்கினாரான்னு தெனமும் இப்படித்தான் பாப்பேன்" என்றாள், என் பக்கம் திரும்பாமல். அவர் தாடையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். "போதுங்க. மூடுங்க. நான் நம்பறேன்."

அவருக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்னவோ, இன்னும் அகலமாகத் திறந்தார்.