தேதி விட்டுப்போன வெள்ளம்

போன சித்திரை பதினோராம் தேதி காலை ஒன்பதே காலுக்குக் குற்றாலம் மெயின் அருவியில் விழுந்தது, 1999 ஜூலையில் ஏற்கெனவே ஒருமுறை விழுந்து முடிந்த தண்ணீர். சரியாக நாலு நிமிடம் விழுந்து நின்றது. அதற்கு முன்னும் பின்னும் பாறையில் நூல் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது, கோடையில் வழக்கமாக ஒழுகுவதுதான். தண்ணீரோடு ஐம்பது காசு ஷாம்பு பாக்கெட்டுகளும், கொல்லத்திலிருந்து குளிக்க வந்த ஒரு குடும்பமும், எண்ணெய் தேய்த்துவிடும் தங்கசாமி இருபத்தாறு வருடத்துக்கு முன் பறிகொடுத்த இடது கால் செருப்பும் வந்தன. தண்ணீர் நின்றதும் குடும்பம் கையிலிருந்த சோப்போடு மறைந்துவிட்டது. செருப்பு மறையவில்லை. தங்கசாமி அதைத் துடைத்துக் காலில் மாட்டிப் பார்த்தார், அளவு சரியாகவே இருந்தது. வலது கால் செருப்பை அவர் அந்தக் காலத்திலேயே கோபத்தில் தூக்கி எறிந்துவிட்டிருந்தார் என்பதுதான் ஒரே குறை.

காரணம் தென்காசியில் இருந்தது. குறும்பலா டிவி என்ற உள்ளூர் கேபிள் சேனலை ஜெகதீஸ்வரன் தொடங்கி முப்பது வருடம் ஆகிவிட்டது. தினமும் காலை ஆறரைக்கு அதில் ‘அருவி நிலவரம்’ வரும். ஒரு ஆள் கேமராவோடு அருவிக்குப் போய், தண்ணீர் விழுகிறதா, குளிக்க விடுகிறார்களா என்று சொல்லிவிட்டு வருவார். அவ்வளவுதான் நிகழ்ச்சி. கல்யாண வீட்டில்கூட அந்த நேரத்தில் மேளத்தை நிறுத்திவிட்டுப் பார்த்த காலம் உண்டு. இப்போது எல்லாரும் செல்போனைப் பார்க்கிறார்கள். சேனல் மூச்சு வாங்கத் தொடங்கியதும், யாரோ சொன்ன யோசனையின்படி, பத்தாயிரம் நாட்களின் நிலவரத்தையும் தேதி வாரியாகக் கணினியில் ஏற்றி, வெளியூர் வெளிநாட்டு டெவலப்பர்கள் யார் வேண்டுமானாலும் எடுத்து ஆப் செய்துகொள்ளலாம் என்று ஜெகதீஸ்வரன் அறிவித்தார். “எல்லாத்தையும் தொறந்து விடுதோம்” என்று மேடையிலேயே சொன்னார். அணையைத் திறப்பதற்கும் அதே வார்த்தைதான் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

முதலில் கேட்டவன் கடையநல்லூர் உவைஸ். துபாயில் ஆறு வருடம் கணினி வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவன். ‘தண்ணி விழுதா?’ என்று ஒரு ஆப் செய்தான். சோதனைக்காக அவன் 1999 ஜூலையின் ஒரு நாளைக் கேட்டு எடுத்த நேரம் காலை ஒன்பதே கால். பிறகு மற்றவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். யாரோ ஒருவன் பெங்களூரிலிருந்து 2001ஆம் வருடத்தை மொத்தமாகக் கேட்டபோது அருவி பெருகுவதும் வற்றுவதுமாக ஒரு மத்தியானத்துக்குள் ஒரு வருடத்தை ஓடி முடித்தது. குளித்துக்கொண்டிருந்தவர்களுக்கு மூன்று தரம் சளி பிடித்தது. மே மாதம் பிறப்பதற்குள் ஊருக்குப் பழகிவிட்டது. சிப்ஸ் கடைக்காரர்கள், நல்ல சாரல் நாளாகப் பார்த்துக் கேட்கச் சொல்லி உவைசுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் கொடுத்தனுப்பினார்கள்.

பயந்தவள் ஒருத்திதான். அந்தப் பத்தாயிரம் நாட்களையும் கேசட்டிலிருந்து கணினியில் ஏற்றிய வித்யாலட்சுமி. ஒவ்வொரு பதிவுக்கும் தேதி, அருவியின் பெயர், தொடக்கம், முடிவு என்று நான்கு கட்டங்கள். நாலையும் நிரப்பியது அவள் கைதான். ஆகவே உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சேனலின் ஆரம்ப காலத்தில் கேசட்டை மிச்சம் பிடிக்க ஒன்றின்மேல் ஒன்றாக அழித்து அழித்துப் பதிவு செய்தார்கள். 1997க்கு முன்னால் மிஞ்சியது ஒரே ஒரு நாள், 1996 ஐப்பசியில் ஒரு நாள். அதன்மேல் பதிவு செய்ய யாருக்கும் மனம் துணியவில்லை. அன்றைக்கு ராத்திரியெல்லாம் மலையில் மழை. காலையில் வெள்ளம், அருவிக்கு முன்னால் வளைவாகக் கட்டியிருக்கும் ஆர்ச்சைத் தாண்டி விழுந்தது. கேமராவோடு போனவன் குத்தாலிங்கம், வித்யாலட்சுமியின் புருஷன், வயது இருபத்தொன்பது. அன்று குளிக்க நின்ற நாற்பது பேரையும் கத்திக் கத்தி வெளியேற்றிவிட்டான். தான் மட்டும் வரவில்லை. கேமரா கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. வித்யாலட்சுமி அந்தப் பதிவை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். நாலு நிமிடம் ஓடும். நாலாவது நிமிடத்தில் படம் சாய்ந்து வானத்தைக் காட்டும்.

இப்போது அந்த நாளை உலகத்தில் எவன் வேண்டுமானாலும் கேட்கலாம். அருவிக்கு நேர் கீழே தினமும் காலை ஆறரைக்கு நின்று நிலவரம் சொல்வது குத்தாலிங்கத்தின் மகள் மீனா. அப்பா போனபோது தவழ்ந்துகொண்டிருந்தவளுக்கு இப்போது முப்பது. வித்யாலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. மகள் வண்டியை எடுக்கும் சத்தம் கேட்டதும் வாசற்படியில் வந்து உட்காருவாள், ஏழு மணிக்குத் திரும்பும் சத்தம் கேட்டால்தான் எழுந்திருப்பாள்.

அவள் ஜெகதீஸ்வரனிடம் போய்க் கெஞ்சினாள். “அந்த ஒரு நாள மட்டும் எடுத்துருங்க தம்பி.” அவர் தலையைக் குனிந்துகொண்டார். “மதினி, எனக்கு மட்டும் அவன மறந்தா போச்சு? ஆனா எதையும் எடுக்க மாட்டோம், மறைக்க மாட்டோம்னு எழுதிக் குடுத்திருக்கே. ஒண்ண எடுத்தா ஆப் செய்யுத அம்புட்டுப் பேரும் போயிருவானுவ.” மகளிடம் சொன்னாள். மீனா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, “யம்மா, பத்தாயிரம் நாளு கெடக்கு. அந்த ஒரு நாளையா தேடி வந்து கேக்கப் போறான்? சும்மா பயந்து சாவாத” என்றாள்.

மே மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம், அலுவலகத்தில் எல்லாரும் டீ குடிக்கப் போனபோது, வித்யாலட்சுமி தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தாள். பதிவை அழிக்கவில்லை. அழித்தால் அவன் குரலும் போய்விடும். தேதிக் கட்டத்தை மட்டும் துடைத்து வெறுமையாக விட்டாள். தேதி இல்லாத நாளை எவன் கேட்க முடியும்? வெகு நாளைக்குப் பிறகு அன்று அசந்து தூங்கினாள்.

சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு உவைஸ் போன் செய்தான். அவன் வடகரையில் அக்கா வீட்டில் இருந்தான். “அக்கா, ஒரு பதிவுல தேதி விட்டுப் போச்சே, பாத்தியளா? போனுக்கு இப்பத்தான் தகவல் வந்துச்சு. ஒண்ணும் பெருசா இல்ல, தேதி இல்லாததையெல்லாம் நம்ம ஆப்பு இன்னைக்குத் தேதியாத்தான் எடுத்துக்கிடும். ஆறரைக்கு இன்னைக்கு நிலவரம்னு அது போயிரும். ஆளுக கொழம்பிறக் கூடாதேன்னுதான்.” வித்யாலட்சுமி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். உவைஸ், “யா அல்லா” என்றான். நிறுத்த வேண்டுமானால் கடையநல்லூரில் வீட்டிலிருக்கும் கணினியில்தான் நிறுத்த முடியும். அவன் பைக்கை உதைக்கும் சத்தம் போனில் கேட்டது.

மீனா படம் பிடிக்கும்போது அழைப்பு வராதபடி போனை வைத்திருப்பாள். ஐந்து முறை அடித்தும் பயனில்லை. வித்யாலட்சுமி போட்டிருந்த நைட்டியின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். ஆட்டோ பறந்தது, இருந்தும் ஊர்ந்தது. இப்படியும் ஒரு பைத்தியக்காரி உண்டா, தன் கையாலேயே அந்த நாளை இன்றைக்கு ஆக்கிவிட்டாளே என்று வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் கடைத்தெருவைத் தாண்டி ஓடும்போது ஆறரை ஆனது. மேலே அருவி முதலில் விழுந்து பொங்கும் பாறைக் குழியான பொங்குமாங்கடலுக்குள் லாரி லாரியாகக் கல் கொட்டுவது மாதிரி ஒரு சத்தம். அடுத்த நொடி செம்மண் நிறத்தில் வெள்ளம் ஆர்ச்சைத் தாண்டி விழுந்தது. கீழே ஐம்பது அறுபது பேர் நின்றார்கள், நடுவில் மீனா. தடுப்புக் கம்பியின்மேல், தோளில் பழைய பெரிய கேமராவோடு, கட்டம் போட்ட சட்டை நனைய ஒருவன் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தான். “வெளிய போங்க! எல்லாரும் வெளிய போங்க! ஏலே, துணிய விட்டுட்டு ஓடுலே!” சொன்ன விதத்தில் எல்லாரும் ஓடினார்கள். மீனாவும் ஓடி மேட்டில் ஏறினாள். வித்யாலட்சுமி மட்டும் எதிர்த் திசையில் போனாள். முழங்கால், பிறகு இடுப்பு. கால் நழுவியது. இருபத்தொன்பது வருடம் பேசாமல் வைத்திருந்த பேச்சையெல்லாம் சொல்லத்தான் போனாள்.

அவன் அவளைப் பார்த்தான். நரைத்த தலையையும் நனைந்த நைட்டியையும் பார்த்தான்.

“ஆச்சி, இங்கன வராதீங்க! தள்ளிப் போங்க ஆச்சி! ஒங்க கூட வந்தவுக எங்க?”

அவள் மேட்டிலிருந்த மகளைக் கையால் காட்டினாள். அவன் அங்கே திரும்பினான். “யக்கா, ஒங்கம்மையக் கூட்டிட்டுப் போங்க! சீக்கிரம்!” தன்னைவிட ஒரு வயது மூத்த மகளை அவன் வேறெப்படிக் கூப்பிடுவான்? மீனா இறங்கி வந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். வித்யாலட்சுமி வர மறுத்தாள். அவளுக்கு நிமிடக் கணக்கு தெரியும். மூன்று முடிந்துவிட்டது. இனி படம் சாயும். கண்ணை மூடிக்கொண்டு, “உவைசு, நிறுத்துய்யா, நிறுத்துய்யா” என்று அலறினாள். கடையநல்லூரில் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் ஓடிய உவைஸ், மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடியில் நிறுத்தினான்.

அவள் கண் திறந்தபோது பாறையில் நூல் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. கம்பியின்மேல் ஆள் இல்லை. அவன் விழவும் இல்லை.

திங்கட்கிழமை வித்யாலட்சுமி தேதிக் கட்டத்தைத் திரும்ப நிரப்பினாள். முடிவு என்ற கட்டத்தில் மூன்று நிமிடம் என்று எழுதினாள். ஜெகதீஸ்வரன் பார்த்தார், திருத்தாமல் விட்டுவிட்டார். இப்போது அந்த நாளை யார் கேட்டாலும் கொடுக்கிறார்கள், ஐந்து நிமிடத்துக்கு முன்னால் போலீஸ் சைரன் ஊதிக் கூட்டத்தை ஏற்றிவிடும். மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை வருகிறது. வரும்போதெல்லாம் அம்மாவும் மகளும் போலீஸ் கட்டும் கயிற்றுக்கு வெளியே போய் நிற்கிறார்கள். அவன் தள்ளிப் போகச் சொல்வான், இவர்கள் ஓர் அடி தள்ளி நிற்பார்கள். வித்யாலட்சுமி இன்றும் மூன்றாவது நிமிடம் முடியும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள். நாலாவது நிமிடத்தையும் தரும்படி இதுவரை முப்பத்தேழு டெவலப்பர்கள் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒன்று இல்லை என்று அவளே எல்லாருக்கும் பதில் போட்டிருக்கிறாள்.