பானுமதியின் பல்

பொண்டாட்டி செத்துக் கிடக்கிற வீட்டில் எவனாவது கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு உட்காருவானா? பூவரசன் உட்கார்ந்தான். முன்னறையில் பானுமதியை ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். கம்பைநல்லூரில் கல்யாணமோ சாவோ, பேனர் வடிவமைக்கிறவன் அவன்தான். சாயந்தரம் எடுப்பதற்குள் தெருமுனையில் அவளுடைய கண்ணீர் அஞ்சலி நின்றாக வேண்டும்.

பானுமதியின் தம்பி கலைவாணன், பாவம், மாமனைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று பேனரைத் தன் போனிலேயே முடித்துவிட்டிருந்தான்.

“பாருங்க மாமா. ரெண்டே நிமிசம். சரின்னா தருமபுரிக்கு அனுப்பிடறேன், அடிச்சுக் குடுத்துருவாங்க.”

பூவரசன் போனை வாங்கிப் பார்த்தான். ஒகேனக்கல்லில் பரிசல் சுற்றிய சுற்றில், பயமும் சிரிப்புமாக அவள் தன்னை மறந்து வாய் திறந்த ஒரே படம் அது. போன் அவள் முகத்தை மெழுகி, பல்லையெல்லாம் பால் வெள்ளையாக்கி வைத்திருந்தது.

இந்தப் பக்கத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்தால் பல்லில் காவிக் கறை ஏறிவிடும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பானுமதிக்கு முன்வரிசை முழுக்க அப்படித்தான். சின்ன வயதிலிருந்தே கையால் வாயை மூடிச் சிரித்துப் பழகியவள். கல்யாணப் படத்தில்கூட யாரோ திட்டியது போல உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பாள். பேனருக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பதே, “பல்லைக் கொஞ்சம் வெள்ளை பண்ணிடுங்க” என்பதுதான். ஊருக்கெல்லாம் பண்ணிக் கொடுத்தான். அவள் கேட்டபோது மட்டும், “எனக்கு நீ இப்படியே இருந்தாப் போதும், போ” என்றுவிட்டான். அன்பாகத்தான் சொன்னான். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

“இது அவ இல்லடா,” என்று கம்ப்யூட்டரில் அசல் படத்தைத் திறந்தான். திரை முழுக்க அவள், கறையோடு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு. இப்படியே அடிக்கட்டும், ஊர் பார்க்கட்டும் என்று நினைத்தான்.

“அய்யோ, வேண்டாங்க மாமா!”

பின்னால் பானுமதியின் தங்கச்சி சுகுணா நின்றிருந்தாள். அழுது வீங்கிய முகம். அப்போதும் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். அவளும் அதே தண்ணீர் குடித்தவள்தானே.

“உங்களுக்கு அது அழகா இருக்குமுங்க. அக்கா எங்கிட்ட எத்தினி வாட்டி அழுதிருக்குது தெரியுங்களா? இன்னிக்கி ஒரு நாளாச்சும் எல்லாரும் பாக்க வாயத் தொறந்து சிரிக்கட்டும், வுடுங்க மாமா.”

அழுதிருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்தவனுக்குத் தெரியவில்லை.

“அப்ப போன்ல இருக்கறதையே அனுப்பிடட்டுங்களா?” என்றான் கலைவாணன்.

“வேண்டாம். எங்கிட்டதான கேட்டா. நானே பண்றேன்.”

போன் ஒரே தொடலில் செய்ததை, மவுஸைப் பிடித்து ஒவ்வொரு பல்லாகச் செய்யத் தொடங்கினான். படத்தைப் பெரிதாக்கினான். முகம் போயிற்று, உதடும் போயிற்று, திரையில் ஒரே ஒரு பல். விளிம்பு பிசகாமல் கறையை மெல்ல எடுத்தான். அப்புறம் பக்கத்துப் பல். முன்னறையில் ஒப்பாரி ஏறி இறங்கியது. நேரமாகிறதென்று கலைவாணன் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

கடைசியில் ஓரத்துப் பல் ஒன்று மிச்சமிருந்தது. மேலே காவி, நடுவில் மஞ்சள், அடியில் துளி வெள்ளை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு கிட்டத்தில் பார்க்க அவள் விட்டதேயில்லை. மவுஸின் மேலிருந்த விரலை அவனால் அழுத்த முடியவில்லை.