அண்ணன் நெற்றியில் ஒரு நொய்டா

அப்பா கட்சிக்கொடி பிடித்த காலத்தில் பிறந்ததால் அண்ணனுக்கு நெடுஞ்செழியன் என்று பெயர். கட்சி கசந்து அப்பா கோயிலுக்குத் திரும்பிய பிறகு பிறந்த தம்பி, பஞ்சநதம். அண்ணன் பூதலூரில் வயலோடு தங்கிவிட்டார். தம்பி தஞ்சாவூரில் மின்வாரிய வேலையை முடித்து, ஓய்வுக்காலத்தில் காசு சேர்க்கும் பைத்தியத்தில் விழுந்தார். சாதாரணப் பைத்தியம் இல்லை. ஒரு ரூபாய்க் காசில் ஆண்டுக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் அது ஐதராபாத்தில் அடித்தது, வைர வடிவம் இருந்தால் மும்பை, புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா. டீக்கடையில் மீதிச் சில்லறை வாங்கினாலும் குறியைப் பார்த்துவிட்டுத்தான் டீயைக் குடிப்பார்.

அண்ணன் இறந்தபோது மாலை போடக் குனிந்தவர் அழுதுகொண்டுதான் குனிந்தார். பொய் அழுகை இல்லை. ஆனால் பாழாய்ப்போன கண் சும்மா இருக்கவில்லை. அண்ணன் நெற்றியில் சந்தனத்தில் ஒட்டியிருந்த காசில் ஆண்டைப் படித்தது, அதற்குக் கீழே புள்ளியைப் பார்த்தது. அந்த ஆண்டின் மற்ற மூன்று காசுகளும் அவரிடம் இருந்தன. நொய்டா மட்டும்தான் வருஷக்கணக்காகக் கைக்குச் சிக்காமல் இருந்தது.

வாசலில் பாடை வந்து இறங்கியது, எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். பஞ்சநதம் காசைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு, தன் பையிலிருந்து வேறொன்றை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். நட்சத்திரம். பழக்கதோஷம், அதையும் கவனித்தார். ரூபாய்க்கு ரூபாய் சரியாகத்தானே இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

சுடுகாட்டுக்குப் போனால் ஆற்றில் முழுகி எழ வேண்டும், காசு தவறிவிடும். அதனால் மனைவி அம்சவல்லியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இத முந்தானையில முடிஞ்சு வச்சுக்க. பத்திரம்."

"ஏதுங்க இது?"

"சில்லறையில வந்துச்சு."

அவள் முடிந்துகொண்டாள்.

தஞ்சாவூர் திரும்பிய பிறகு அம்சவல்லி நெற்றி குளிர்கிறது என்றாள். தைலம் தேய்த்தும் போகவில்லை.

"யாரோ கட்டைவிரலால அழுத்துற மாதிரியே இருக்குங்க. விட மாட்டேங்குது."

பஞ்சநதம் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் பிரஷர் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார், ஒன்றுமில்லை என்றார். அதற்குள் அவள் நெற்றியில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பொட்டு அழுந்திய தடம் என்று டாக்டர் சொன்னார். அம்சவல்லி வைப்பது ஸ்டிக்கர் பொட்டு.

அண்ணன் தன் காசைத்தான் கேட்கிறார் என்று எண்ணி, நொய்டாவை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் பூதலூருக்கு ஓடினார். சுடுகாட்டில் அதற்குள் பால் தெளித்து, சாம்பலையும் ஆற்றில் கரைத்திருந்தார்கள். எரிந்த இடத்தில் மண்ணைத் தோண்டிக் காசைப் புதைத்தார். "அண்ணே, மன்னிச்சிரு" என்று வாய்விட்டுச் சொன்னார். சுற்றிலும் குறுவைப் பயிர் காற்றில் அசைந்துகொண்டிருந்தது. நிம்மதியாகத்தான் வீடு திரும்பினார்.

நல்ல வெயில் நேரம். அம்சவல்லி கூடத்தில் வெறுந்தரையில், பிணத்தைக் கிடத்துகிற மாதிரி தெற்கே தலை வைத்து மல்லாந்து படுத்திருந்தாள். அவள் ஒருநாளும் அப்படிப் படுத்ததில்லை. கால் கட்டைவிரல்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்துப் பார்த்தார், முடியவில்லை. கயிறு எதுவும் இல்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெற்றியைப் பார்த்தார். வட்டத்துக்குள் எண்கள் இடவலம் மாறி, காசை அழுத்தி எடுத்த மாதிரி பதிந்திருந்தன. அவற்றுக்குக் கீழே புள்ளி இல்லை. நட்சத்திரம்.

அப்போதுதான் புரிந்தது. அண்ணன் எதையும் கேட்கவில்லை. தனக்கு மாற்றி வைத்த காசைத் திருப்பிக் கொடுக்கிறார். தன்னுடையதை முடிந்துகொண்டு போனது யாரோ, அவளுக்கே கொடுக்கிறார்.

அவளுடைய மூச்சு நீண்ட இடைவெளி விட்டு வந்தது. பஞ்சநதத்துக்குத் தன்மேல் அப்படி ஓர் அருவருப்பு வந்தது. ஒரு புள்ளிக்காக இவளிடம் பொய் சொல்லி, பிணத்தின் காசை இவள் முந்தானையில் கட்டிவிட்டோமே! தரையில் மண்டியிட்டு, தன் நெற்றியை அவள் நெற்றியோடு ஒட்ட வைத்தார்.

"அண்ணே, எடுத்தது நான். இவளுக்கு ஒண்ணுந் தெரியாதுண்ணே. எனக்கே குடுத்துரு."

முதலில் ஒன்றுமில்லை. பிறகு குளிர்ந்த கட்டைவிரல் ஒன்று அவர் நெற்றியில் பட்டது. அவசரமில்லாமல், நிதானமாக அழுத்தியது. அவர் தலையை எடுக்கவில்லை.

அம்சவல்லியின் கால்கள் விலகின. இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள். அவள் நெற்றியில் ஒரு கோடுகூட இல்லை. பஞ்சநதம் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

"என்னாச்சுங்க? இங்க எப்பப் படுத்தேன் நான்?" என்றவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "அய்ய, நெத்தியில என்ன இது, குழியா? இருங்க" என்று முந்தானையை எச்சில் தொட்டு அழுத்தித் தேய்க்க வந்தாள்.

பஞ்சநதம் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தேய்க்காத அம்சா. அது எங்கிட்டயே இருக்கட்டும்."