ஊசிக்கு விரதமில்லை

மூடி கழன்ற சிரிஞ்சை மாடத்தில் பார்த்ததும் பெரியநாயகி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விடிந்ததும் அவள் கோயிலுக்கு மாவிளக்கு மாவு இடிக்கப் போயிருந்தாள். அந்த நேரத்தில் புருஷன் அம்மாசி தானே இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கிறான். இப்போது மணி பன்னிரண்டு. இன்று திரௌபதி அம்மன் தீமிதி. காப்புக் கட்டியவர்கள் நெருப்பில் இறங்கும்வரை பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படவிட மாட்டார்கள்.

மஞ்சள் வேட்டியை உதறிக்கொண்டிருந்தவனிடம் கேட்டாள். அவன் பதற்றமே இல்லாமல் பதில் சொன்னான்.

"நர்சம்மாதான ஒரு நாளும் ஊசிய வுடக்கூடாதுன்னாங்க. ஊசி இன்னா வாயிலயா போவுது? வெரதம் எப்படிக் கெடும்?"

ஊசி போட்ட அரை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்றும் அந்த நர்ஸ் சொல்லியிருந்தாள். அந்தப் பாதியை அம்மாசி ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டான். ஒரு வாய் கஞ்சி என்று கெஞ்சினாள். காப்புக் கட்டிய கையைக் காட்டிவிட்டு ஏரிக்கரைக்கு நடந்தான். அவள் கடைக்குப் போய் மாம்பழ ஜூஸ் பாக்கெட் இரண்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள்.

ஆறு வருடமாக இதுதான் அவள் பிழைப்பு. கரும்பு வெட்டப் போன இடத்திலும், களை பறிக்கப் போன இடத்திலும் அவள் கண் பாதி வேலையிலும் பாதி அவன் நெற்றியிலும் இருக்கும். சுகர் இறங்கி நெற்றி வியர்த்தால் ஜூஸ், கை நடுங்கினால் ஜூஸ். போன மாதம் நீட்டிய டம்ளரைத் தட்டிவிட்டு, யாருடி நீ என்று கேட்டான். ஜூஸ் உள்ளே போய்க் கால்மணி நேரம் கழித்து, மாடு கட்டியாயிற்றா என்று சாதாரணமாக விசாரித்தான். அவனுக்கு ஒன்றும் ஞாபகம் இருப்பதில்லை. ஞாபகம் வைத்துக்கொள்வதும் அவள் தலையில்தான் விழுந்தது. காலில் முள் ஏறினால்கூட அவனுக்கு உறைப்பதில்லை, ராத்திரி அவள் பார்த்துத்தான் பிடுங்குவாள். அடுத்த ஜென்மத்திலாவது தான் நோயாளியாகப் பிறந்து, இன்னொருத்தர் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சில நாள் நினைத்துக்கொள்வாள்.

ஏரிக்கரையில் பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். வைகாசி வெயில் மண்டையைப் பிளந்தது. நாற்பது பேர் வரிசையில் அம்மாசி வழக்கம்போலக் கடைசி. முதலில் நின்றது அவன் அண்ணன் சின்னதுரை. இருபது வருடமாக ஆத்தா அருள் வந்து இறங்குவது சின்னதுரை மேல்தான். பம்பை ஏறினால் அவர் ஆடுவார், ஊரே விழுந்து கும்பிடும். அம்மாசியும் ஒவ்வொரு வருடமும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான், ஒன்றும் வராது. தீமிதி முடிந்து வீட்டுக்கு வந்ததும், எங்கிட்ட இன்னா கொறை நாயகி என்று கேட்பான்.

மூன்று மணி இருக்கும். அம்மாசியின் கை நடுங்க ஆரம்பித்தது. வியர்வை மஞ்சளைக் கரைத்துக்கொண்டு மார்பில் ஓடியது. கண் எங்கோ குத்திட்டு நின்றது. பிடிக்க வந்தவனை உறுமித் தள்ளினான். அதற்குள் ஒருத்தி குலவை போட்டுவிட்டாள். அம்மாசி மேல ஆத்தா வந்துட்டா என்று கூட்டம் அவனைச் சூழ்ந்தது. பம்பைக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். பூசாரி நாராயணசாமி கற்பூரத்தை ஏந்திக்கொண்டு வந்து, யாரும்மா வந்திருக்கறது, வாக்கு சொல்லு தாயே என்று கேட்டார். இருட்டா இருக்குது என்று அம்மாசி குழறினான். மழை வரப்போகிறது என்று யாரோ அர்த்தம் சொன்னார்கள். சின்னதுரை வரிசையை விட்டு வந்து தம்பியின் காலில் விழுந்தார்.

அந்த முகம் ஆத்தாவின் முகமில்லை என்று அங்கே தெரிந்தவள் ஒருத்திதான். டம்ளரைத் தட்டிவிட்ட அதே முகம். இன்னும் கொஞ்ச நேரத்தில் சுருண்டு விழுவான், அப்புறம் வாயில் எதையும் ஊற்றக்கூட முடியாது. இது சுகர் என்று கத்தலாம். கத்தினால் அண்ணன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்வார், ஊர் சிரிக்கும், விரதத்தைக் கெடுத்தவள் என்று அவளையும் ஏசும். அதுகூடப் பரவாயில்லை. விஷயம் தெரிந்தபின் அவன் எந்த முகத்தோடு வீட்டுக்கு வருவான் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"ஆத்தாவுக்குத் தாகம். பழச்சாறு கேக்குறா."

பூசாரி தயங்கினார். விரதக்காரன் வாயில் எப்படி என்று இழுத்தார்.

"குடிக்கிறது அவரு இல்லிங்க. ஆத்தா."

தன் வாயில் இப்படி ஒரு பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவள் நினைத்ததில்லை. பூசாரி நகர்ந்துகொண்டார். ஸ்ட்ராவைக் குத்தி அவன் உதட்டில் வைத்து பாக்கெட்டை அழுத்தினாள். முதல் வாய் தாடையில் வழிந்தது. இரண்டாவது வாயை விழுங்கினான். இரண்டு பாக்கெட்டும் உள்ளே போயின. பம்பை அடித்தபடியே இருந்தது. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, நடுக்கம் நிற்கும்வரை விடவில்லை.

கண் தெளிந்ததும், இன்னா ஆச்சு என்று கேட்டான். அவள் வாயைத் திறப்பதற்குள் சின்னதுரை முந்திக்கொண்டார்.

"ஆத்தா உம்மேல எறங்கிட்டாடா தம்பி."

அம்மாசி அண்ணனைப் பார்த்தான், பிறகு கூட்டத்தைப் பார்த்தான். மகள் பிறந்த அன்று கூட அவன் முகம் அப்படி மலர்ந்து பெரியநாயகி பார்த்ததில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அவளுக்கு அலுப்பாகவும் இருந்தது. சாயந்திரம் அவன் வரிசையில் முதல் ஆளாக நெருப்பில் இறங்கினான். மற்றவர்கள் ஓடிக் கடந்த இடத்தில் அவன் நிதானமாக நடந்தான்.

மறுநாள் காலையில் இட்லியை வைத்துவிட்டு ஊசியை எடுத்தாள். அவன் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

"இனிமே ஊசி வாணாம் நாயகி. ஆத்தா எங்கூட இருக்கா."

நேற்று வந்தது ஆத்தா இல்லை, சுகர் இறங்கிவிட்டது, பொய் சொன்னது நான்தான் என்று ஒன்று விடாமல் சொன்னாள். ஊசியை நிறுத்தினால் செத்துப்போவீங்க என்றும் சொன்னாள். அவன் கோபப்படவில்லை. குழந்தை சொல்வதைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டான்.

"செரி, பொய்யே இருக்கட்டும். நெருப்பு ஏன் சுடல? பூ மேல நடந்தாப்புல இருந்துச்சு. பாரு."

காலை அவள் மடியில் நீட்டினான். வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள். சின்னதுரை முன்னால் நின்றார், அவர் பிடித்திருந்த தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு மாம்பழ ஜூஸ் பாக்கெட்டுகளும் இருந்தன. விபூதி வாங்கப் பெண்கள் உள்ளே வந்து அவன் முன்னால் குனிந்தார்கள். அம்மாசி உட்கார்ந்தபடியே விபூதிக் கிண்ணத்தில் கைவிட்டு, ஒவ்வொரு நெற்றியாகப் பூச ஆரம்பித்தான்.

பெரியநாயகி அவன் பாதத்தைத் திருப்பினாள். குதிகாலிலிருந்து பெருவிரல்வரை தோல் நீர் கோத்துப் பொங்கியிருந்தது. ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். கொப்புளம் உடைந்து வெதுவெதுப்பாக அவள் புடவையில் வழிந்தது. அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அடுத்த நெற்றியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.